திருவிழா அன்று மேலே போன பந்து

புன்னைத்துறைக்கும் சிலுவைமுனைக்கும் நடந்த மிக்கேல் சம்மனசு திருவிழா இறுதியாட்டத்தில், ஆளுக்கொரு கோல் என்று சமமாக நின்ற வேளையில், கிளீட்டஸ் இடது காலால் அடித்த பந்து மேலே போனது. தென்னைகளைத் தாண்டி, கோவில் கோபுரத்துச் சிலுவையைத் தாண்டி, கொடிமரத்தின் உச்சியில் படபடத்த கொடியையும் தாண்டிப் போய், வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தவர் நடுவழியில் நிற்பதுபோல, ஓரிடத்தில் நின்றுவிட்டது.

மைதானத்தைச் சுற்றி நின்ற ஊர் அண்ணாந்து பார்த்தது. கடலை வறுத்துக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்தினார். ஒலிபெருக்கியில் ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்தவர் பந்து, பந்து என்று சொல்லிப் பார்த்து, அதற்குமேல் வார்த்தை கிடைக்காமல் ஒலிபெருக்கியை அணைத்தார். சிலுவைமுனையின் கோல்கீப்பர் விரித்த கைகளை மடக்கவும் மறந்து நின்றார். இப்போது வரும், இப்போது வரும் என்று எல்லோரும் நின்று நின்று, கடல் கறுத்து, சப்பரத்தில் விளக்குப் போட்ட பிறகும் பந்து வரவில்லை.

நடுவராக இருந்தவர் தனிஸ்லாஸ் மாஸ்டர். இரண்டு ஊருக்கும் பொதுவாக மூன்றாவது ஊரிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். சொந்த அண்ணன் மகனுக்கே சிவப்பு அட்டை காட்டிவிட்டு அன்று ராத்திரி அதே வீட்டில் சாப்பிடப் போனவர் என்று அவரைப் பற்றிப் பேச்சு உண்டு. இரண்டு ஊர்க் கமிட்டியும் அவரைச் சுற்றிக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிடுங்கள் என்று கேட்டபோது அவர் கழுத்தில் தொங்கிய விசிலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"பந்து கோட்டுக்கு வெளிய போகல்ல. கோலுக்குள்ளயும் போகல்ல. நான் ஊதவும் இல்ல. ஆட்டம் நடந்துகிட்டிருக்கு," என்றார்.

அப்படித்தான் அந்த ஆட்டம் வருடக்கணக்கில் நடந்தது.

முதலில் ஊர் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தது. கல் எறிந்தார்கள், பட்டம் விட்டார்கள், வீச்சுவலை வீசினார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார், அது திரும்ப அவர் கண்ணாடிமேலேயே விழுந்தது. மின்வாரியத்திலிருந்து இருவர் வந்து, கம்பியைத் தொடாதவரை தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று சொல்லி, மீன்குழம்பு சாப்பிட்டுப் போனார்கள். தூரத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, வெறும் பந்துதானே என்று கொஞ்சம் ஏமாந்து, சர்பத் குடித்துத் திரும்பினார்கள். பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. ஆழ்கடலிலிருந்து வரும் படகுகள் கோபுரத்தோடு பந்தையும் சேர்த்துப் பார்த்துத் துறைக்கு வழி பிடித்தன. மைதானத்தருகே இருந்த பேருந்து நிறுத்தத்துக்குப் பந்தடி என்று பேர் வந்தது. பந்தடி எல்லாம் இறங்கு என்று நடத்துனர் கத்தினால், கூடையோடு பெண்கள் இறங்கினார்கள். உச்சிவேளையில் பந்தின் நிழல் மைதானத்து மணலில் ஒரு தட்டு அளவுக்கு விழுந்தது. அந்த நிழலில் எந்நேரமும் ஒரு நாய் படுத்திருந்தது.

ஆட்டம் நடந்துகொண்டிருந்ததால் ஆட்டக்காரர்கள் நடுவரைக் கேட்காமல் களத்தை விட்டுப் போக முடியாது. எனவே கடலுக்குப் போகிறவன் முந்தின நாள் மாஸ்டரிடம் வந்து சொல்லிவிட்டுப் போனான். கல்யாணம் செய்கிறவன் தாம்பூலத்தட்டோடு வந்து கேட்டான். வளைகுடாவுக்குப் போன கோல்கீப்பர் விமான நிலையத்திலிருந்து போன் செய்து அனுமதி வாங்கினார். ஆட்டம் முடியாத மைதானத்தில் வேறு ஆட்டம் கிடையாது என்பதால் அங்கே வெள்ளாடுகள் மேய்ந்தன, நெத்தலி மீன் காய்ந்தது. எதிரணிக்குப் பெண் கொடுப்பதா என்ற பேச்சில் இரண்டு ஊருக்கும் இடையே சம்மந்தங்களும் நின்றுபோயின. மாஸ்டர் புன்னைத்துறையிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் நடுக்கோட்டருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நடுவர் என்றால் களத்தில் இருக்க வேண்டும் அல்லவா.

பந்து ஏன் நின்றது என்று யாரும் அதிகம் பேசவில்லை. பேசினால் கிளீட்டஸைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

அந்தக் கரைகளில் ஒரு வழக்கம் உண்டு. எதிரணிக்காரன் அடிபட்டு விழுந்தால், கோல் திறந்தே கிடந்தாலும், பந்தை வெளியே அடித்துவிட்டு அவனிடம் போக வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை. கடலில் ஆள் தவறி விழுந்தால் வலையில் எவ்வளவு மீன் கிடந்தாலும் வலையை அறுத்துவிட்டுப் படகைத் திருப்புகிறார்கள் இல்லையா, அதுதான் கரைக்கு ஏறி வந்து பந்தாட்டத்திலும் ஒட்டிக்கொண்டது. அன்றைய ஆட்டத்தில் சிலுவைமுனையின் பின்காவல் ஆட்டக்காரன் வறுவேல், கிளீட்டஸோடு மோதி விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் கடலைக்காரர் வரைக்கும் கேட்டது. கிளீட்டஸுக்கு மட்டும் கேட்கவில்லை.

கிளீட்டஸ் அப்போது இருபத்து மூன்று வயதுப் பையன். மணலில் ஓடினால் தடம் பதியாது என்று சொல்லும்படி இருந்தவன். பட்டணத்துக் கிளப் ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. முழங்கால் போனதும் கீழே வைத்துவிட்டது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி தீர்ந்த பிறகும் மாத்திரை தீரவில்லை. திருவிழாவுக்கு ஊர் அவனை அழைத்தபோது, கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ், மனதில் எந்தக் கெடுதலும் இல்லாமல், ஊர் ஜெயிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில், தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து ஆட்டத்துக்கு முன்னால் அவன் காலில் ஊசி போட வைத்தார். அந்த ஊசிக்குப் பிறகு கிளீட்டஸுக்கு முழங்கால் இருப்பதே தெரியவில்லை. மண் தெரியவில்லை, காலடியில் கிடந்த ஆள் தெரியவில்லை. கோல் மட்டும், யாரோ விளக்கேற்றி வைத்ததுபோலத் தெரிந்தது. அடித்தான்.

பந்து வராத அந்த ராத்திரியிலிருந்து அவன் விழுந்துகொண்டே இருந்தான். மாத்திரை போதாமல் ஊசி வந்தது. வேலை போனது, கூட்டாளிகள் போனார்கள். அம்மாவும் அப்பாவும் முன்பே போய்விட்டதால் அவனுக்கு இருந்தது அக்கா எமல்டா ஒருத்திதான். மீன் கம்பெனியில் இறால் உரிக்கப் போய் அவனை வளர்த்தவள், அவன் ஆட்டத்துக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுப் போட்டுப் பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டவள். வீட்டுக் கண்ணாடி அலமாரியிலிருந்த கோப்பைகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கடைக்காரர் ஒவ்வொன்றாக அவளிடமே கொண்டுவந்து கொடுத்தார். அவள் திரும்ப அடுக்கினாள். அவை திரும்பப் போயின.

பந்து அசைகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். ஒரு நாள் விடியலில் இரண்டு படகுகள் வழி தப்பிப் பாறையை உரசிவிட்டன. அடையாளம் மாறிவிட்டது, பந்து ஒரு பனை உயரம் மேலே போயிருக்கிறது என்று அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விசாரித்துப் பார்த்தால், முந்தின நாள்தான் கிளீட்டஸ் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக்கொண்டு கவிழ்த்த வள்ளத்துக்குப் பின்னால் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். பிறகு எல்லோரும் கவனித்தார்கள். அவன் ஒதுங்கியிருக்கும் நாட்களில் பந்து கொஞ்சம் இறங்கியது. அவன் போட்டுக்கொண்டால் ஏறியது.

அன்றிலிருந்து ஊர் அவனைப் பார்க்க வேண்டிய அவசியமில்லாமல் போயிற்று. காலையில் கதவைத் திறந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இறங்கியிருந்தால் வழியில் அவனைக் கண்டு சிரித்தார்கள், சாயா வாங்கிக் கொடுத்தார்கள். ஏறியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "நேத்து ராத்திரி சாமான் நல்லாத்தான் கெடச்சிருக்கு போல, மூணு ஆள் உயரம்லா ஏறியிருக்கு," என்று வலை பின்னுகிறவர்கள் அவன் காதுபடப் பேசினார்கள். கழுத்து வலித் தைலம் ஊரில் நன்றாக விற்றது. எமல்டாவும் அப்படித்தான் அண்ணாந்து பார்த்தாள். துணி காயப்போட முற்றத்துக்கு வருகிறவள் முதலில் மேலே பார்ப்பாள். பிறகுதான் வாசலில் உட்கார்ந்திருக்கும் தம்பியைப் பார்ப்பாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. எனவே அவனும் வாயைத் திறப்பதை விட்டுவிட்டான்.

மலையடிவாரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் அவளே கொண்டுபோய் அவனைச் சேர்த்தாள். அங்கே அவன் நடுங்கினான், வாந்தியெடுத்தான், சுவரோடு பேசினான். பிறகு கிணற்றடியில் வாழைக்கு மண் அணைக்கப் பழகினான். இங்கே பந்து இறங்கியது. கொடிமரத்துக்குக் கீழே வந்தது, கோபுரத்துச் சிலுவைக்குக் கீழே வந்தது, கடைசியில் தென்னை உயரத்தில் வந்து நின்றபோது அதன் தையல்கூடக் கண்ணுக்குத் தெரிந்தது. திருவிழாவுக்குக் கொடியேற்ற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பெர்க்மான்ஸும் கமிட்டியும் எமல்டாவிடம் வந்து உட்கார்ந்தார்கள். இந்தத் திருவிழாவிலேயே ஆட்டத்தை முடித்துவிடலாம், அவன் பந்துக்குக் கீழே வந்து நின்றால் போதும், அது தானாக இறங்கிவிடும் என்றார்கள். இல்லத்தை நடத்தும் தாயார், அவனை வெளியே அனுப்ப இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்லியிருந்தார். எமல்டா எழுந்து முற்றத்துக்குப் போய் மேலே பார்த்தாள். பந்து தென்னையோலைகளுக்கு நடுவே, பறித்துக்கொள்ளலாம் என்பதுபோல நின்றது. சரி என்று சொல்லிவிட்டாள்.

பேண்டு வாத்தியமும் வெடியுமாக அவனை அழைத்துவந்தார்கள். இரண்டு அணிகளும் அன்றைக்கு நின்ற அதே இடங்களில் வந்து நின்றன. தொப்பை விழுந்தவர்களும் தலை நரைக்கத் தொடங்கியவர்களும் பழைய சட்டைக்குள் மூச்சுப் பிடித்து நின்றார்கள். வளைகுடாவிலிருந்து கோல்கீப்பர் விடுப்பில் வந்திருந்தார். வறுவேல் கோணிப்போன காலோடு தன் இடத்தில் வந்து, தான் விழுந்து கிடந்த அதே மண்ணில் நிற்பதா உட்காருவதா என்று மாஸ்டரைக் கேட்டான். மாஸ்டர் யோசித்து, உட்கார் என்றார். கிளீட்டஸ் நடுவில் வந்து நின்றான். பந்து இறங்கியது. ஊர் மூச்சுவிடவில்லை. தலைக்கு ஒரு முழம் மேலே வந்து அது நின்றபோது அவன் கைகள் நடுங்கத் தொடங்கின, தாடை நடுங்கியது, சிறுநீர் வழிந்து காலை நனைத்தது. கோட்டுக்கு வெளியே இருந்து பெர்க்மான்ஸ் ஓடிவந்து, தண்ணீர் கொடுப்பதுபோல அவன் முதுகை அணைத்து, உள்ளங்கைக்குள் எதையோ வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு மக்களே. தைரியத்துக்கு. ஊர் நிக்குதுல்லா," என்றார்.

அவன் கூட்டத்தில் அக்காவைத் தேடினான். அவள் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுங்கினான். பந்து ஒரு சத்தமும் இல்லாமல் மேலே போனது. தென்னையைத் தாண்டி, கொடியைத் தாண்டி, முன்பு நின்ற இடத்தையும் தாண்டி, பருந்து அளவுக்கு, ஈ அளவுக்கு, கண்ணில் விழுந்த தூசி அளவுக்கு ஆகி, பிறகு வெறும் வானமாயிற்று. ஊர் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டதில் மெழுகுதிரிகள் அணைந்தன. யார் முகத்தையும் பார்க்காமல் அவன் கடற்கரை வழியே நடந்து போனான். வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றவன், பின்னாலேயே ஓடிவந்த எமல்டாவிடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

"நீ என்னப் பாக்கவே இல்லக்கா. எல்லாரும் அதத்தான் பாத்தீங்க."

அதன்பிறகு அவன் ஊரில் இல்லை. மழைக்காலம் வந்து போனது.

வறுவேல் அந்த நாட்களில் சிலுவைமுனை ஐஸ் கம்பெனியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கடலுக்குப் போகிற படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் கொண்டுபோக வேண்டும். நேரம் தப்பினால் படகுகள் போக முடியாது, போகாவிட்டால் ஊரே திட்டும். ஒரு நாள் காலை, வண்டி நிறைய ஐஸ் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் வந்தவன், பாலத்துக்குக் கீழே குப்பையோடு குப்பையாகக் கிடந்த ஒரு காலைப் பார்த்தான். இடது கால். ஆட்டக்காரனுக்கு ஆட்டக்காரனின் கால் தெரியும். இறங்கிப் போய்ப் பார்த்தான். கிளீட்டஸின் உதடு நீலமாக இருந்தது. மூச்சு எங்கேயோ தூரத்தில் இருந்தது.

வண்டியில் ஆளைக் கிடத்த இடமில்லை. வறுவேல் பின்கதவைத் திறந்தான். கொக்கியை மாட்டி ஐஸ் பாளங்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சாலையில் தள்ளினான். நொண்டிக்காலை ஊன்றி ஊன்றி, ஒன்று விடாமல் தள்ளினான். பின்னால் வந்த பேருந்திலிருந்தவர்கள், என்ன காரியம் செய்கிறாய், படகுகள் காத்துக்கிடக்கின்றன என்று கத்தினார்கள். அவன் கிளீட்டஸைத் தூக்கிக் கிடத்தி, தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தி, வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான். அன்றைக்குப் படகுகள் போகவில்லை. ஐஸ் பாளங்கள் வெயிலில் கண்ணாடிச் சவப்பெட்டிகளைப் போலச் சாலையில் கிடந்து மெல்ல மெல்லக் கரைந்து, மத்தியானத்துக்குள் ஓடையாகிப் பந்தடி நிறுத்தம் வரைக்கும் ஓடின. கூடைக்காரப் பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நடந்துபோனார்கள். எங்கிருந்து வருகிறது இந்தத் தண்ணீர் என்று கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லப்பட்டது. கேட்டவர்கள் கொஞ்சநேரம் அதிலேயே நின்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எமல்டா, யாரையும் கேட்காமல், பீடத்துக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள், தலைகூடச் சீவியிருக்கவில்லை.

"கடல்ல ஆள் விழுந்தா வலைய அறுப்பீங்க," என்றாள். "எங்க வீட்டு ஆள் விழுந்து எத்தனையோ வருசமாச்சு. நீங்க வலையப் பிடிச்சிட்டே நிக்கீங்க. நானும் பிடிச்சிட்டுத்தான் நின்னேன். அறுத்தவன் சிலுவைமுனைக்காரன். இனி என் வீட்டில மேல பாக்க மாட்டோம். உங்க வீட்டுல எப்பிடியோ."

பெர்க்மான்ஸ் கடைசி வரிசையில் முழங்காலிட்டுக் கிடந்தவர் வெகுநேரம் எழவில்லை. கோவிலை விட்டு வெளியே வந்தபோது, வழக்கமாக வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும் கூட்டம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

தவக்காலம் தொடங்குவதற்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் ஊர் அதை ஒரு நோன்புபோல எடுத்துக்கொண்டது. மேலே பார்ப்பதில்லை. முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. மழை வருவது நனைந்த பிறகே தெரிந்தது. தேங்காய் விழுந்து இரண்டு ஓடுகள் உடைந்தன. படகோட்டிகள் பழையபடி கோபுரத்தையும் மலையின் தோளையும் வைத்து வழி கண்டுபிடித்தார்கள். தரையைப் பார்த்து நடந்ததில், வருடங்களுக்கு முன் தொலைந்த கம்மலும் சாவியும் ஒரு வெள்ளிச் சிலுவையும் மணலிலிருந்து கிடைத்தன. பிறகு பார்வை கொஞ்சம் உயர்ந்து, வந்தவர் போனவர் முகத்தில் வந்து நின்றது. நீ எப்போதம்மா இப்படி மெலிந்துபோனாய் என்று ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்க, அவள் அழத் தொடங்கி, அவளுடைய நோவு அப்போதுதான் வெளியே தெரிந்தது. வானம் எப்படி இருக்கும் என்று மறந்துவிடாமலிருக்கப் பிள்ளைகள் மழைக்குட்டையில் குனிந்து பார்த்தார்கள். அதில் பந்து தெரிந்ததா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

கிளீட்டஸ் இரண்டாம் முறை இல்லத்துக்குப் போனான். இம்முறை தாயார் போகலாம் என்று சொல்லும்வரை இருந்தான். சொன்ன பிறகும் வாழை குலைதள்ளட்டும் என்று கொஞ்சநாள் இருந்தான். திரும்பி வந்தபோது பேண்டு இல்லை, வெடி இல்லை. பேருந்திலிருந்து ஒரு துணிப்பையோடு இறங்கினான். தனிஸ்லாஸ் மாஸ்டர் மட்டும் நாற்காலியிலிருந்து கையை உயர்த்தி, களத்துக்குள் வரலாம் என்று அனுமதித்தார். வறுவேல் ஐஸ் கம்பெனியில் சொல்லி அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தான். ஐஸை உடைத்து நொறுக்கும் வேலை. அதில் கை நடுங்கினால் யாருக்கும் தெரியாது, எல்லோர் கையும் நடுங்கும் இடம் அது என்று வறுவேல் சொன்னான்.

முதல் நாள் வண்டியில் போகும்போது கிளீட்டஸ் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, உங்க கால்..." என்று தொடங்கினான்.

"அது காலு. நடக்குது," என்றான் வறுவேல். "நீ கதவ நல்லா சாத்து. காத்து உள்ள போனா ஐஸ் நிக்காது."

அவன் ஒருமுறை தவறினான். முழங்கால் வலித்த ஒரு சாயங்காலம், பழைய கூட்டாளி ஒருவன் பாலத்தருகே நின்றிருந்தான், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபோது எமல்டா அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். முன்பென்றால் முற்றத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும், ஊருக்கே தெரிந்திருக்கும், பேச வேண்டிய வேலை அவனுக்கு இருந்திருக்காது. இப்போது யாருக்கும் தெரியாது. அவள் தட்டை வைத்துவிட்டு, நிமிர்ந்து, அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தட்டில் கை வைக்கவில்லை. கிழங்கிலிருந்து எழுந்த ஆவி அடங்கும்வரை உட்கார்ந்திருந்தான். எத்தனை வருடமாக மேலே இருக்கும் ஒன்று தனக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்ததோ, அதைத் தன் வாயால் எடுத்துச் சொல்வது ஒரு ஐஸ் பாளத்தை நாக்கால் தூக்குவதுபோல இருந்தது.

"இன்னைக்கு போட்டுட்டேன்க்கா," என்றான்.

அவள் கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். காலையில் அவனோடு மலையடிவாரத்துக்குப் பேருந்து ஏறினாள். தாயார் அவனோடு பேசினார். மாலையில் இருவரும் திரும்பி வந்தார்கள். மறுநாள் அவன் வேலைக்குப் போனான். அன்று சாயங்காலம் தட்டின் முன் உட்கார்ந்ததும் அவனாகவே சொன்னான்: "இன்னைக்கு இல்லக்கா." அதற்கடுத்த நாளும் சொன்னான். அது அந்த வீட்டில் சாப்பாட்டு ஜெபத்தோடு சேர்ந்த ஒரு வரியாகிவிட்டது.

பந்து வந்தது ஒரு சாதாரண நாளில். திருவிழா இல்லை, ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. மழை பெய்து விட்டிருந்த மத்தியானம். மைதானத்தில் ஆடுகள் நின்றன. பெண்கள் சாக்கை விரித்து நெத்தலி காயவைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி சேற்றில் இறங்கும் என்று பயந்து, கிளீட்டஸும் வறுவேலும் ஐஸ் பாளம் ஒன்றைச் சணலில் சுற்றி, கொக்கியில் மாட்டி, மைதானத்தின் குறுக்கே துறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. தேங்காய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். யாரும் நிமிரவில்லை. அது துள்ளி, இன்னொரு முறை துள்ளி, உருண்டு வந்து கிளீட்டஸின் இடது காலில் மெல்ல மோதி நின்றது. தோல் வெளுத்திருந்தது, குளிர்ந்திருந்தது, தையலில் உப்புப் படிந்திருந்தது.

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பந்து களத்துக்குள் இருந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

எதிரே கோல் திறந்து கிடந்தது. கோல்கீப்பர் வளைகுடாவில் இருந்தார். குறுக்கே ஒரு வெள்ளாடு மட்டும் நின்றது. நெத்தலிக்காரப் பெண்களில் ஒருத்தி தன்னை மறந்து, "அடிலே!" என்று கத்தினாள். வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள், அடிலே கிளீட்டா, அடிலே என்று துறையிலிருந்தும் குரல் வந்தது. கிளீட்டஸின் முழங்கால் வலித்தது. பாதத்தின் கீழே ஈரமண் சில்லென்று இருந்தது. இம்முறை எல்லாம் தெரிந்தது. பின்னால் சணல் கயிறு அறுந்து, பாளம் வழுக்கி, வறுவேல் நொண்டிக்காலோடு சேற்றில் விழுந்த சத்தமும் கேட்டது.

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு பந்தைப் பார்த்தான். பிறகு இடது காலின் உட்புறத்தால், பிள்ளைக்கு உருட்டிவிடுவதுபோல, பந்தை வெளியே தட்டினான். அது கோட்டைத் தாண்டி நெத்தலிச் சாக்கின்மேல் போய் நின்றது. அவன் வறுவேலிடம் நடந்துபோய்க் கையை நீட்டினான்.

மாஸ்டர் விசிலை எடுத்து ஊதினார். முதலில் மணல் வந்தது. பிறகு வெறும் காற்று வந்தது. மூன்றாவது ஊதலில் சத்தம் வந்தது, கிழட்டுப் பறவை ஒன்றின் குரல்போல. ஊர் கைதட்டவில்லை, தட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெண்கள் நெத்தலியை உதறிப் பந்தை எடுத்துக் கொடுத்தார்கள். கோட்டருகே நொண்டி நொண்டி நடந்துபோன வறுவேல், சேறு அப்பிய கையால் பந்தைத் தலைக்குமேல் தூக்கி, வழக்கப்படி, வெளியே அடித்தவனுக்கே திருப்பி எறிந்தான்.

"இந்தா பிடி," என்றான். "ஐஸ் கரையுது. சீக்கிரம் முடி."

கிளீட்டஸ் அதை மார்பில் வாங்கிக் காலடியில் இறக்கினான். மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நேரம் எப்போதோ முடிந்துபோயிருந்தது, கடைசி விசிலை ஊதினார். ஆளுக்கொரு கோல். அந்த வருடமே இரண்டு ஊருக்கும் இடையே மூன்று கல்யாணங்கள் நடந்தன. மாஸ்டர் தன் ஊருக்குப் போய், நீண்டநேரம் தூங்கினார் என்று கேள்வி. நாய் நிழல் தேடி வேறு இடம் போனது.

பந்தடி எல்லாம் இறங்கு என்று நடத்துனர் இன்னமும் கத்துகிறார். எப்போதாவது வெளியூர்க்காரர் ஒருவர் இறங்கி, அண்ணாந்து பார்த்து, எங்கே பந்து என்று கேட்பார். மைதானத்தில் பிள்ளைகள் அடித்துக்கொண்டிருப்பதைக் காட்டுவார்கள். அவரும் கொஞ்சம் ஏமாந்து, சர்பத் குடித்துவிட்டுப் போவார்.

கிளீட்டஸ் இப்போதும் ஐஸ் உடைக்கிறான். சாயங்காலங்களில் அவன் வீட்டுக்கு வருவதற்குள் இருட்டிவிடும். கால் கழுவி, உள்ளே வந்து, தட்டின் முன் உட்காருவான். எமல்டா கரண்டியைக் கையில் பிடித்தபடி காத்திருப்பாள்.

"இன்னைக்கு இல்லக்கா," என்பான்.

அவள் அவன் முகத்தைப் பார்ப்பாள். அவசரப்படாமல், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பார்ப்பாள். பிறகு சோறு போடுவாள்.